பம்பாய் போய்த் திரும்பிய சரக்கு

அரசாங்கத்திடம் இருக்கும் தமிழ்நாட்டு வரைபடம் வேறு, சினிமா விநியோகஸ்தர்களிடம் இருப்பது வேறு. பின்னதில் கலெக்டர் கிடையாது, தாசில்தார் கிடையாது, ‘ஏரியா’ மட்டும்தான். மதுரையும் ராமநாதபுரமும் சேர்ந்தால் எம்.ஆர்., திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் சேர்ந்தால் டி.கே., அப்புறம் எங்கள் செங்கல்பட்டு ஏரியா. 1997-ல் செங்கல்பட்டு மாவட்டத்தைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாக வெட்டிய அரசாங்கம், பழைய பெயரை வழித்துப் போட்டுவிட்டது. விநியோகஸ்தர்கள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. ‘செங்கல்பட்டு வசூல்’ என்றே கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இறங்கி வந்தது அரசாங்கம்தான்: 2019 நவம்பரில் செங்கல்பட்டு மறுபடி மாவட்டம் ஆனது.

‘தீவார்’ என்ற இந்திப் படத்தையும் இந்த வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்ப்பதே நல்லது. 2022 அக்டோபரில் அமிதாப் பச்சனுக்கு எண்பது வயது நிறைந்தபோது, ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அவருடைய பழைய படங்களைப் பல ஊர்த் தியேட்டர்களில் மறுபடி ஓட்டியது. ‘தீவார்’, ‘டான்’ இரண்டும் அதில் உண்டு. பம்பாயின் பொக்கிஷம் என்று ஆளாளுக்கு உருகினார்கள். உருகட்டும். ஆனால் ‘தீவார்’ எம்.ஆர். ஏரியா சரக்கு.

அந்தப் படத்து நாயகனுக்குச் சாயல் கொடுத்த பம்பாய்க் கடத்தல்காரர் மஸ்தான், 1926-ல் ராமநாதபுரம் சீமையின் பனைக்குளத்தில் பிறந்தவர். எட்டு வயதில் அப்பாவோடு பம்பாய்க்குப் போய், சைக்கிள் ரிப்பேர் கடையில் கை கறுத்து, 1944-ல் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். எந்த மூட்டைக்குக் கனம் அதிகம், எந்த மூட்டைக்கு விலை அதிகம் என்ற ஞானம் அந்த வேலையில் சீக்கிரம் வந்துவிடும். மீதி ஞானத்தை மொரார்ஜி தேசாய் கொடுத்தார். 14 காரட்டுக்கு மேல் நகையே செய்யக் கூடாது என்று 1963-ல் அவருடைய தங்கக் கட்டுப்பாடு சொன்னது. பெண்ணைப் பெற்றவர்கள் நிறைந்த தேசத்திடம் பேசுகிற பேச்சா இது? மொரார்ஜி சட்டம் போட்டார், மஸ்தான் பென்ஸ் கார் வாங்கினார்.

உடுப்பு வெள்ளை, ஷூவும் வெள்ளை. இப்படிப்பட்ட தூய உருவத்தைப் பார்க்க பம்பாய்க்கு டிக்கெட் எடுக்க வேண்டாம், மாமல்லபுரம் பஸ் பிடித்தால் போதும். அர்ச்சுனன் தபசுப் பாறையின் கீழ்ப்பக்கம் ஒரு பூனை பின்னங்காலில் நிமிர்ந்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள், பரம பக்தியோடு. தாதாவையும் அவருடைய தொகுதி மக்களையும் பல்லவச் சிற்பி ஏழாம் நூற்றாண்டிலேயே அடித்து முடித்துவிட்டான். மேலே ஒற்றைக்காலில் நிற்பவர் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். பூனை விஷயத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மஸ்தானின் சாயலை வைத்து சலீம்-ஜாவேத் எழுத, யஷ் சோப்ரா இயக்க, 1975 ஜனவரியில் ‘தீவார்’ வந்தது. ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. திரையில் இருந்த கடத்தல்காரனுக்கு விசில், தரையில் இருந்தவருக்கு ஜெயில்.

டிவியில் பார்த்தால் தப்பிவிடுகிற சங்கதிகள் பெரிய திரையில் மாட்டிக்கொள்ளும். துறைமுகக் காட்சிகளில் அமிதாப் சட்டையை இடுப்பில் முடிச்சுப் போட்டிருப்பார். தேசத்து வாலிபர்கள் அதைப் புரட்சியின் அடையாளம் என்று நம்பி, தாங்களும் முடிச்சுப் போட்டுத் திரிந்தார்கள். தையல்காரர் முழங்கால் வரை நீளமாகத் தைத்துவிட்டார், வேறு வழியில்லாமல் முடிச்சுப் போட்டேன் என்று பிற்பாடு அமிதாப்பே போட்டு உடைத்தார்.

அண்ணன் தன் காரையும் பங்களாவையும் பட்டியல் போட்டு ‘உன்னிடம் என்ன இருக்கிறது?’ என்று கேட்க, தம்பி அம்மாவைச் சொல்லும் காட்சி தெரியாத இந்தியன் கிடையாது. அந்த அம்மா நிருபா ராய் பிறந்தது 1931-ல். அண்ணன் அமிதாப் 1942, தம்பி சசி கபூர் 1938. அதாவது தம்பி அண்ணனைவிட நான்கு வயது பெரியவர், தாயைவிட ஏழே வயது சின்னவர். இந்தக் குடும்பத்தின் ரேஷன் கார்டை எந்த அதிகாரி பார்த்தாலும் படம் இரண்டாவது ரீலில் நின்றிருக்கும்.

இனி சரக்கு ஊர் திரும்பும் கட்டம். இந்திப் படங்களைத் தமிழுக்கு இறக்குமதி செய்வதில் கே. பாலாஜியை மிஞ்ச ஆள் கிடையாது. கடத்தலுக்கும் ரீமேக்குக்கும் உள்ள வித்தியாசம் ரசீது மட்டும்தான், பாலாஜி ரசீது வாங்குகிறவர். அவருடைய குடும்பக் கம்பெனி ‘டான்’ படத்தை 1980-ல் ‘பில்லா’ ஆக்கியது, ‘தீவார்’ படத்தை 1981-ல் ‘தீ’ ஆக்கியது. இரண்டிலும் ரஜினி, இரண்டுக்கும் இயக்குநர் ஆர். கிருஷ்ணமூர்த்தி. பாலாஜி படம் என்றால் நாயகன் பெரும்பாலும் ராஜா, நாயகி ராதா. அதனால் ‘தீவார்’ அண்ணன், பம்பாய் விஜய், இங்கே ராஜா ஆனார். அம்மா சௌகார் ஜானகி, அவரும் 1931-ல் பிறந்தவர்தான். ஆனால் மகன் ரஜினி 1950. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே பத்தொன்பது வருஷம் விட்டிருந்தோம். தமிழன் கணக்கில் சுத்தம்.

1965-ல் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்த ஊர்கள், 1981-ல் இந்திக் கதைக்குக் கொட்டகையில் மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்தன. டூரிங் டாக்கீஸில் ஒரே புரொஜெக்டர். அம்மா யார் பக்கம் என்று முடிவு செய்வதற்குள் ரீல் தீரும், விளக்கு எரியும், முறுக்குக்காரர் வந்து தன் கட்சியைப் பேசிவிட்டுப் போவார். வெளியே வந்தால் கிழக்கே மாமல்லபுரம் வரை கரையோரம் சவுக்குத் தோப்பு. அந்தக் காலத் தமிழ்ப்பட வில்லன்கள் இதே மாதிரித் தோப்புகளில் இறக்கிய பெட்டிகளைக் கூட்டிப் பார்த்தால் மஸ்தான் சில்லறை வியாபாரி. போலீஸ் ஜீப் மட்டும் எல்லாப் படத்திலும் கடைசி ரீலில்தான் வரும்.

டி.கே. ஏரியாவும் சும்மா இருக்கவில்லை. தூத்துக்குடி வரதராஜ முதலியார் பம்பாய் போய் தாதா ஆனார். அவர் சாயலில் 1987-ல் மணிரத்னம் ‘நாயகன்’ எடுத்தார். பம்பாய் விடுமா? மறுவருஷமே ஃபெரோஸ் கான் அதை ‘தயாவான்’ என்று இந்தியில் எடுத்துத் திருப்பி அனுப்பினார்.

2017-ல் ரஜினி மறுபடி பம்பாய் தாதா என்று செய்தி வந்ததும், மஸ்தானின் வளர்ப்பு மகன் என்று ஒருவர் நோட்டீஸ் விட்டார்: என் தகப்பனாரைக் கடத்தல்காரராகக் காட்டாதே என்று. இது அவர் கதையே இல்லை என்றது படத் தரப்பு. 2018-ல் ‘காலா’ வந்தது. ரஜினி கறுப்பு உடுப்பில் உட்கார்ந்திருந்தார். மஸ்தானின் வெள்ளை உடுப்பு முழுவதும் வில்லன் நானா படேகருக்குப் போயிருந்தது.