மொச்சையின் பேரில் சில செலவுகள்

எங்கள் வீட்டில் அழகுணர்ச்சி உள்ள ஆள் யார் என்று ஓட்டெடுப்பு நடத்தினால் நாய்தான் ஜெயிக்கும். எனக்கு டெபாசிட் போய்விடும். நாயின் படுக்கை திரைச்சீலைக்கு ஜோடியாக வாங்கியது. நாய் சாப்பிடும் ஸ்டாண்டு, நாங்கள் சாப்பிடும் மேஜையின் மரத்திலேயே செய்தது. கழுத்துப்பட்டை, பிடித்துக்கொள்ளும் வார், மழைக்கோட்டு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் வெந்தயக் கலரில் ஒரே குடும்பமாக இருக்கின்றன. கூடத்தில் அந்தக் குடும்பத்தோடு ஒட்டாமல் இருப்பது கட்டம் போட்ட லுங்கியில் இருக்கும் நான் மட்டும்தான். வாசல் மணி அடித்தால் என் மனைவி முதலில் என்னை உள்ளே அனுப்புவாள்; பிறகுதான் நாயை முன்னால் கூப்பிடுவாள்.

இத்தனைக்கும் அது தெருவில் பிறந்த நாய். அப்பா யார் என்பதில் தெருவுக்குள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு. மழை நாளில் மகள் தூக்கிக்கொண்டு வந்து, ‘மோக்கா’ என்று பெயர் வைத்தாள். அது ஒரு வகைக் காபியாம். பெயர் என் அம்மாவின் வாய்க்குள் போய் ‘மொச்சை’யாக வெளியே வந்தது. நாயும் மொச்சைக்குத்தான் திரும்பிப் பார்க்கிறது. மோக்கா என்று கூப்பிட்டால் போட்டோ எடுப்பார்கள், மொச்சை என்று கூப்பிட்டால் சோறு வரும் என்று அதற்குத் தெரியும்.

என் சின்ன வயதில் நாய்க்கென்று இருந்த சொத்து ஒரு கோணிச்சாக்கும் ஒரு நசுங்கின அலுமினியத் தட்டும். இரண்டும் வாசல் திண்ணையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. தாத்தாவின் கூடத்துக்குள் நுழைய அனுமதி பெற்ற ஒரே நாய், ஹெச்.எம்.வி. இசைத்தட்டின் நடுவில் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாய்தான். அதன் பெயர் நிப்பர். 1895-இல் அது செத்துப்போன பிறகுதான், இங்கிலாந்தில் பிரான்சிஸ் பாரோ என்ற ஓவியர் அதை வரைந்தார். முதலில் அவர் வரைந்தது எடிசன் வகை உருளைக் கருவியின் முன்னால் உட்கார்ந்த நாயை. கிராமபோன் கம்பெனிக்காரர்கள் பார்த்துவிட்டு, நாய் இருக்கட்டும், கருவியை மட்டும் எங்களுடையதாக மாற்றிக் கொடுங்கள் என்றார்கள். மாற்றிக் கொடுத்தார். 1899-இல் படத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50 பவுண்டு என்று கணக்குத் தீர்ந்தது. நாயை வைத்து நடக்கும் கலை வியாபாரத்தின் முதல் விதி அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது: நாய்க்குப் பங்கு கிடையாது.

இந்த விதியை எனக்குப் புரியவைத்தது ஒரு மெத்தை. நாய்ப் பொருள்களுக்கென்றே இருக்கும் கடை அது. உள்ளே போனால் நகைக்கடை ஏசி, மெல்லிய பியானோ, மரத்தட்டில் அடுக்கிய எலும்பு வடிவ பிஸ்கெட். என்னைக் கழுத்துப்பட்டை இல்லாமல் உள்ளே விட்டதே பெரிய விஷயம். மனைவி ஒரு செங்கல் கலர் மெத்தையின் முன்னால் நின்றுவிட்டாள். கடைப்பையன் உடனே, “டாக்ஸுக்கு இந்தக் கலர் ரொம்பப் பிடிக்கும் மேடம்” என்றான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. நாயின் கண்ணில் நிறம் அறியும் செல்கள் இரண்டே வகை, நமக்கு மூன்று. நீலமும் மஞ்சளும் அதற்குத் தெரியும், சிவப்பும் பச்சையும் மங்கின பழுப்பாகத்தான் தெரியும் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். “செங்கல் கலர் மெத்தைன்னா மொச்சைக்கு அது சாக்குக் கலர்தான். வீட்டுலயே சாக்கு இருக்கு” என்று முடித்தேன்.

“பார்க்கப் போறது யாருங்க? நாமதானே?” என்றாள் மனைவி.

நாய்ப் பொருள் வியாபாரத்தின் மொத்தத் தத்துவமும் இந்த ஒரே கேள்விக்குள் அடக்கம். வாலை ஆட்டுவது நாயின் வேலை; கார்டைத் தேய்ப்பது நம் வேலை; ரசனையும் நம்முடையதாகத்தானே இருக்க முடியும்? நான் முதன்முதலாக வாங்கிய சம்பளத்தைவிட அதிகமான ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சம்பளத்தில் நான் வாங்கியது ஒரு கோரைப்பாய்.

மெத்தை கூடத்துக்கு வந்தது. மூட்டுவலி வராமல் இருக்க உடம்பின் வடிவத்துக்கு அமுங்கிக் கொடுக்கும் ஆர்த்தோபெடிக் ரகம். மொச்சை முகர்ந்து பார்த்தது, காலால் இரண்டு தடவை பிறாண்டியது, போய் பாத்ரூம் வாசலில் மொசைக் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொண்டது. அதற்கு நன்றியில்லை என்று மகள் அழுதாள். உண்மையில் அதன் மேல் தப்பில்லை. நமக்கு வேர்ப்பதைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை ஆற்ற வேண்டும். சென்னையின் மே மாதத்தில், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு மெத்தையில் ஏறிப் படுக்க அதற்கென்ன பைத்தியமா? எங்கள் வீட்டில் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் இரண்டு காலில் நடப்பவர்கள்.

எனக்கு ஆறுதல் அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. 1956-இல் கலிபோர்னியாவில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன், தன் நாய் எட்டிக்கு வீடு கட்ட பிளான் போட்டுத் தரும்படி கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டுக்குக் கடிதம் எழுதினான். ரைட் அப்போது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். நியூயார்க்கில் அவருடைய குகன்ஹைம் மியூசியம் எழும்பிக்கொண்டிருந்தது. இப்போது நேரமில்லை, நவம்பரில் எழுது என்று பதில் போட்டார். நவம்பர் பிறந்ததும் பையன் மறுபடி எழுதினான். கிழவர் சொன்ன சொல் தவறாமல், காசு வாங்காமல், முக்கோண வடிவில் ஒரு நாய் வீட்டுக்கு முழு பிளான் அனுப்பினார். 1963-இல் பையனின் அப்பாவும் சகோதரனும் அதைக் கட்டி முடித்தார்கள். கூரை ஒழுகியது. எட்டி உள்ளே போய்ப் படுக்கவே இல்லை. வீடு கடைசியில் குப்பைமேட்டுக்குப் போனது. ஆனால் அதே பிளானில் பிற்காலத்தில் மறுபடி செய்த நாய் வீட்டை, ரைட்டே வடிவமைத்த மாரின் கவுன்டி சிவிக் சென்டரில் காட்சிக்கு வைத்தார்கள். நாய் சீண்டாத வீட்டை மனிதர்கள் போய்ப் பார்த்தார்கள். இதைப் படித்துவிட்டு மொச்சையை நான் புது மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தேன்.

மரியாதை வந்த கையோடு ஒரு செலவும் வந்தது. ஜப்பானின் முஜி நிறுவனத்தின் கலை இயக்குநர் கென்யா ஹாரா, 2012-இல் ‘நாய்களுக்கான கட்டடக்கலை’ என்று ஒரு திட்டம் தொடங்கினார். உலகத்தின் பெரிய பெரிய கட்டடக் கலைஞர்கள் ஆளுக்கொரு நாய் இனத்தை எடுத்துக்கொண்டார்கள். ஷிகேரு பான் காகிதக் குழாயில் செய்தார். டோயோ இடோ ஷிபா நாய்க்குச் சக்கரம் வைத்த வீடு செய்தார். குட்டைக் கால் டாக்ஸ்ஹண்டுக்குச் சரிவுப் பாதை, பொடிசான பூடிலை மனிதனின் கண் மட்டத்துக்கு ஏற்றிவைக்கும் படிக்கட்டு என்று போகிறது பட்டியல். இவற்றின் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், இலவசம். இலவசம் என்ற சொல்லைக் கேட்ட பிறகு என் வகைக் குடும்பஸ்தன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா?

டோக்கியோ ஒலிம்பிக்ஸ் மைதானத்தை வடிவமைத்த கெங்கோ குமா, பக் நாய்க்காகச் செய்ததைத் தேர்ந்தெடுத்தேன். மெல்லிய பலகைத் துண்டுகளை ஒன்றில் ஒன்று செருகி எழுப்பிய சின்னக் குன்று, உடம்பெல்லாம் ஓட்டை. போனில் படத்தைப் பெரிதாக்கி, எங்கள் பேட்டை கார்ப்பென்டரிடம் நீட்டினேன். காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார்.

“எந்தச் சாமிக்கு சார்?”

“நாய்க்குங்க.”

“பைரவருக்கா?”

“எங்க வீட்டு நாய்க்கு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “கதவு காணோமே?”

“கதவு கிடையாது.”

“மேல பூரா ஓட்டையா இருக்கே, மழை பெஞ்சா?”

“வீட்டுக்குள்ளதான் வைக்கப் போறோம்.”

“வீட்டுக்குள்ளதான் வீடு இருக்கே சார்” என்றார். இருந்தாலும் அட்வான்ஸை வாங்கிக்கொண்டார்.

பிளைவுட்டில் செய்து கொடுத்தார். செருகல் எல்லாம் நான் கொடுத்த அளவில் சேராததால், பாதிக் குன்று ஃபெவிகாலின் தயவில் நிற்கிறது. மொச்சை அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வெளிப்பக்கம் முதுகைத் தேய்த்துக்கொண்டது. அம்மா வந்து ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். “நல்லா காத்தோட்டமா இருக்குடா” என்றாள். மறுநாள் காலையில் அதற்குள் சின்ன வெங்காயம் கொட்டியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெங்காயம் அழுகவில்லை. கெங்கோ குமா பாணியில் வெங்காயம் வைத்திருக்கும் குடும்பம் பேட்டையில் எங்களுடையது ஒன்றுதான்.

பெர்னிச்சர் முடிந்து கலை ஆரம்பமானது. சிற்பி ஜெஃப் கூன்ஸ் செய்த ஆரஞ்சு நிற எஃகுப் பலூன் நாய் 2013-இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 5.84 கோடி டாலருக்குப் போனது. பொருட்காட்சியில் பலூன்காரர் நம் கண்ணெதிரே முறுக்கித் தரும் அதே நாய்தான். கூன்ஸின் சின்ன நீலப் பீங்கான் நாய் ஒன்று, 2023-இல் மயாமி கண்காட்சியில் பார்க்க வந்தவர் கை பட்டு விழுந்து நொறுங்கியது. விலை 42,000 டாலர். எங்கள் டி.வி. ஸ்டாண்டில் இருப்பது நடைபாதையில் பேரம் பேசி வாங்கிய நகல். மொச்சை அதைக் கண்ட மாத்திரத்தில் பின்னங்காலைத் தூக்கித் தன் விமர்சனத்தைப் பதிவு செய்தது. இப்போது அந்தச் சிற்பம் பரண் மேல் இருக்கிறது.

அடுத்து, மகளின் பிறந்தநாள் பரிசாக மொச்சையின் உருவப்படம் வந்தது. போட்டோ அனுப்பினால் ஐரோப்பியத் தளபதி உடையில் வரைந்து சட்டம் போட்டு அனுப்புகிறார்கள். சிவப்புக் கோட்டு, தோளில் பொன் சரிகை, மார்பு நிறையப் பதக்கம். எதற்காகக் கொடுத்த பதக்கம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கடியில் போகிற வீரன் அவன். கூரியர் பையன் வந்தால் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுவான்.

நம் ஊரில் நாய்க்கு உருவம் செய்ய முன்பெல்லாம் காரணம் கேட்பார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. எருமை மந்தையைக் காக்கப் போராடி விழுந்த வீரனுக்கு நட்ட கல். பக்கத்திலேயே அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் கல்லில் இடம் பிடிக்க இரண்டு கள்ளனையாவது கடித்திருக்க வேண்டும். இப்போது தெளிவாக ஒரு போட்டோ இருந்தால் போதும். தளபதி மொச்சை எங்கள் கூடத்தில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறார். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்த ஒரு பெரியவர், “இவரு மிலிட்டரியில இருந்தவரா?” என்று கேட்டார். என் படம் வீட்டில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். ஆதார் கார்டில் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் திருவாரூர் பக்கத்திலிருந்து சித்தப்பா வந்தார். மதியம் வத்தக்குழம்பும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு, நேரே கூடத்துக்கு வந்து, செங்கல் கலர் மெத்தையில் சாய்ந்துவிட்டார். சுற்றியிருந்த தடித்த விளிம்பு அவர் தலைக்கு அளவெடுத்துச் செய்ததாகவே அமைந்தது. மனைவி எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் காலண்டரைப் பார்த்தேன். மொச்சை, இத்தனை நாள் இதற்கு ஆள் வராதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிற முகத்தோடு மொசைக்கில் படுத்திருந்தது.

அம்மாதான் போட்டு உடைத்தாள். “தம்பி, அது நாய் மெத்தை.”

சித்தப்பா எழுந்திருக்கவில்லை. “இருக்கட்டும் அண்ணி. இடுப்பு வலி இருந்த இடமே தெரியலையே! டேய், இது என்ன விலைடா?”

மரியாதைக்காகப் பாதி விலை சொன்னேன். அதற்கே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, “எனக்கு ஒண்ணு வாங்கி அனுப்பிடு. இதே கலர். உங்க சித்திகிட்ட மட்டும் விவரம் சொல்லாதே” என்றார்.

ராத்திரி போனில் ஆர்டர் போட உட்கார்ந்தேன். சரியான அளவைச் சிபாரிசு செய்வதற்காக அந்தக் கடைக்காரர்கள் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். இனம் என்ன என்று கேட்டார்கள். பட்டியலில் இருந்ததிலேயே பெரிய உருப்படியாகப் பார்த்து கிரேட் டேன் என்று போட்டேன். எடை 78 கிலோ. வயது என்ற இடத்தில் எழுபத்திரண்டை ஏற்க மறுத்ததால் ‘சீனியர்’ என்பதைத் தொட்டேன். சுருண்டு படுக்குமா, நீட்டிப் படுக்குமா? நீட்டி. மூட்டுவலி உண்டா? உண்டு. குறட்டை? தாராளமாக. அந்நியர்களைக் கண்டால் சத்தம் போடுமா? சொந்தக்காரர்களைக் கண்டால்தான். கடிக்கும் பழக்கம் உண்டா என்பது கடைசிக் கேள்வி. எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை நடந்த வருஷத்தை ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டு, ‘எப்போதாவது’ என்பதைத் தொட்டுப் பணத்தைக் கட்டினேன்.