காது திறந்த படலம்

ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஐந்து படிகள் உண்டு. உச்சியில் என்1, அடியில் என்5. நான் கீழிருந்து இரண்டாம் படியான என்4-இல் வழுக்கி விழுந்தவன். 180-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி. நான் 101 எடுத்தேன், இருந்தும் தோல்வி. கேட்டல் பகுதியில் மட்டும் 60-க்குக் குறைந்தது 19 வேண்டும், எனக்கு வந்தது 17.

வீட்டில் சொன்னபோது மனைவிக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "ஏனுங்க, சொல்றதைக் காதுல வாங்க மாட்டீங்கன்னு ஜப்பான் வரைக்கும் தெரிஞ்சு போச்சுங்களா?" என்றாள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். என்4 முடித்தால் மாதச் சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்துத் தருவார்கள். நாற்பத்தி மூன்று வயதில் ஒருவன் பரீட்சை எழுத வேறு காரணம் வேண்டியதில்லை. "அங்கேயே போய் நாலு வாரம் இருந்து பாருங்க, காது தானாத் திறந்துக்கும்" என்று உடன் வேலை பார்ப்பவர் சொன்னார். சேர்த்து வைத்த விடுப்பையும் சேமிப்பையும் ஒருசேரக் கரைத்துக் கியோட்டோவுக்குக் கிளம்பினேன்.

டோக்கியோவை விட்டுவிட்டு ஏன் கியோட்டோ? அங்கே ஒரு பள்ளியில் நான்கு வாரப் பாடம் இருந்தது, அவ்வளவுதான். 794-ஆம் ஆண்டு தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அரசர் இருந்த நகரம், அங்குள்ளவர்கள் பேசும் பேச்சே தனி என்பதெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. பாடப்புத்தகத்துத் தமிழைப் படித்துவிட்டு ஒரு வெள்ளைக்காரர் நேராக எங்கள் கோபிசெட்டிபாளையம் பஸ் நிலையத்தில் இறங்கினால் எப்படி முழிப்பாரோ, அப்படி முழித்தேன்.

விமான நிலையத்தில் கைரேகை எடுத்த அதிகாரியிடம் 'கொன்னிச்சிவா' என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, 'நிஹோங்கோ ஜோஸு தெஸ் நே' என்றார். உங்கள் ஜப்பானிய மொழி நன்றாக இருக்கிறதே என்று அர்த்தம். ஒரு வணக்கத்துக்கு இத்தனை பாராட்டா என்று உச்சி குளிர்ந்தது. அன்று ராத்திரிக்குள் இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள். அவர்களில் ஒருவரிடம் நான் சொன்னது 'ஹை' மட்டும்தான்.

தங்கியது ஒரு பழைய மர வீட்டின் மாடியறை. கீழே வீட்டுக்காரப் பாட்டி தனியாக இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நிமிர்ந்த முதுகு, அளந்த பேச்சு. முதல் நாள் காலையில் வாசலில் ஒரு பூனை வந்து நின்றது. 'கித்தே ஹாரு' என்று பாட்டி கும்பிடாத குறையாகச் சொன்னார். 'வந்திருக்காங்க' என்று அர்த்தம். பூனைக்குக்கூட மரியாதை விகுதி! கியோட்டோ வழக்கில் அப்படியாம். எனக்கு உடனே ஊர் வந்துவிட்டது. எங்கள் பக்கத்திலும் கன்றுக்குட்டியை 'அக்கட்டப் போங்க' என்றுதான் விரட்டுவோம். பரவாயில்லை, நம்ம ஜனம்தான் என்று நினைத்தேன். பிறகு வந்த வினைகளுக்கெல்லாம் இந்த நினைப்புதான் மூலம்.

பள்ளியில் முதல் வாரம் நான்தான் ராஜா. ஜப்பானிய இலக்கணம் தமிழனுக்கென்றே செய்து வைத்ததுபோல் இருக்கும். வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'தபேத்தே மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்'. தபேத்தே சாப்பிட்டு, மிரு பார். கண்ணால் பார்க்கும் அதே பார்! 'ஷித்தே ஒக்கு' என்றால் 'செய்து வை', அதிலும் வைப்பதற்கு உள்ள அதே வினைதான். பக்கத்தில் ஒரு ஜெர்மன் பையன், சாப்பிடுவதற்கும் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிரேசில் பெண் ஒருத்தி அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தாள். நான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நமக்கு இதெல்லாம் தாய்ப்பாலோடு வந்தது.

அந்தத் திமிரில் ஒரு நாள் எழுந்து, ஜப்பானிய மொழிக்கு மூலம் தமிழ்தான் என்று உங்கள் அறிஞர் சுசுமு ஓனோவே சொல்லியிருக்கிறாரே என்று ஆசிரியையிடம் எடுத்துவிட்டேன். சொன்னது உண்மைதான். ஆனால் மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதை வசதியாக விழுங்கிவிட்டேன். ஆசிரியை கியோட்டோக்காரர். கண்கள் மின்ன, "ஓ, சுவாரசியமாக இருக்கிறதே" என்றார். ஒரு வார காலம் நான் அதை ஒப்புதல் என்றே நம்பியிருந்தேன்.

கான்ஜி எழுத்துகள் வந்ததும் ராஜ்ஜியம் கவிழ்ந்தது. அன்றாட உபயோகத்துக்கென்று அரசு வகுத்த பட்டியலிலேயே 2136 எழுத்துகள். தைவான் மாணவி ஒருத்தி பக்கம் பக்கமாகப் பார்த்தே அர்த்தம் சொல்லிக்கொண்டு போனாள். அவளுக்கும் ஒரு சிரிப்பு இருந்தது. ஜப்பானியத்தில் 'படிப்பு' என்று எழுதும் இரண்டு எழுத்தும் சீன மொழியில் 'வேண்டா வெறுப்பாக' என்று பொருள் தருமாம். பலகையில் அதை எழுதும்போதெல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். எனக்குச் சீன அர்த்தம்தான் பொருத்தமாகப் பட்டது.

எழுத்தைவிட என்னை அதிகம் கவிழ்த்தது ஒரு பழம். அங்கே அது காய்க்கும் பருவம். தக்காளி மாதிரி உருண்டையாக, ஆரஞ்சு நிறத்தில் கடைக்குக் கடை குவித்திருப்பார்கள். புது வார்த்தைகளைத் தமிழில் எழுதி வைப்பது என் வழக்கம். நோட்டில் 'ககி - பழம்' என்று எழுதியிருந்தேன். நமக்கோ ஒரே ஒரு 'க'. நடுவில் வந்தால், 'பகல்' என்பதில் வருகிற மாதிரி, நாக்கு அதைத் தானாகவே மெலித்துவிடும். காய்கறிக் கடைத் தாத்தாவிடம் போய், "ககி வேண்டும்" என்றேன். மெலிந்த க போட்டால் அது சாவி. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெளியே வந்து, கோயில் தாண்டி இடப்பக்கம் என்று கைகாட்டினார். எதிரே பழம் மலையாகக் குவிந்திருக்க, அங்கே ஏதோ ஒசத்தியான ரகம் கிடைக்கும் போலிருக்கிறது என்று நடந்தேன். இடப்பக்கம் இருந்தது பூட்டுக் கடை.

மறுநாள் உஷாராக, 'பக்கம்' என்பதுபோல நன்றாக அழுத்தி, "கக்கி இருக்கிறதா?" என்று கேட்டேன். தாத்தா அசையாமல் நின்றார். பிறகு உள்ளே திரும்பிச் சம்சாரத்திடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார். தாத்தா தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்தக் காலத்தில் இருந்தது" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. தைவான் பெண்தான் பிற்பாடு விளக்கினாள்: கக்கி என்றால் களை, கலகலப்பு. வெளியூரிலிருந்து வந்த ஒருவன் அவர் கடை வாசலில் நின்று, 'இங்கே கலகலப்பு இருக்கிறதா?' என்று கேட்டிருக்கிறான். பழத்துக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு க வேண்டும். அது என் வாயில் இல்லை. கடைசிவரை விரலால் காட்டித்தான் வாங்கினேன்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான் போனது புரட்டாசியில். மாமிசம் வேண்டாம் என்றால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால் மீனைக் காயவைத்துச் சீவிப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் வெந்த காய் வரும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று சனிக்கிழமை போயிருந்தது. பெருமாள் மன்னிப்பார். வீட்டில் கேட்டால் இதைச் சொல்ல வேண்டாம்.

இந்தக் கஷ்டத்தில்தான் பாட்டியிடம் ஒரு நாள், உங்கள் சமையலறையில் சாம்பார் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கடுகு வெடிக்கும், பெருங்காயம் கொஞ்சம் மணக்கும் என்பதையும் நேர்மையாகச் சொன்னேன். பாட்டி புன்னகையோடு 'கங்காயெத்தொக்கிமாஸ்' என்றார். என் இலக்கண மூளை துள்ளியது. 'யோசித்து வைக்கிறேன்.' அதே 'வை'! ஆக, யோசித்துத் தயாராக வைத்திருப்பார். பெருங்காய டப்பாவை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு ஐந்து நாள் காத்திருந்தேன். ஆறாம் நாள் வகுப்பில் அந்தச் சொல் பாடமாகவே வந்தது. 'முடியாது' என்பதைச் சொல்லும் வழிகளில் ஒன்று என்றார் ஆசிரியை.

இதற்கெல்லாம் சிகரம் அம்மாவின் போன். கோபியில் அம்மாவுக்கு ஒன்பதரைக்குத்தான் சீரியல் முடியும். முடிந்ததும் எனக்குப் போன். ஜப்பான் மூன்றரை மணி நேரம் முந்தி ஓடும் ஊர். ஆக, எனக்கு நடுராத்திரி ஒரு மணி. அம்மாவுக்குக் காது மந்தம். வெளிநாடு என்றால் இன்னும் சத்தமாகப் பேச வேண்டும் என்பது அவருடைய கட்சி. நானும் அதே சுருதியில் பதில் சொல்வேன். "ஏஞ்சாமி, சாப்ட்டயா?" "சாப்ட்டேம்மா!" "என்ன சாப்ட்ட?" இப்படி முக்கால் மணி நேரம் போகும்.

முதல் வாரக் கடைசியில் பாட்டி சொன்னார்: "நேற்று ஊரோடு பேசினீர்கள் போலிருக்கிறது. நல்ல கணீர்க் குரல் உங்களுக்கு." நான் குனிந்து நன்றி சொன்னேன். இரண்டாம் வாரம், "உங்கள் அம்மாவுக்கு எத்தனை பாசம், ஒரு நாள்கூடத் தவறவில்லையே" என்றார். நெகிழ்ந்துபோய் அம்மாவின் போட்டோவைக் காட்டினேன். மூன்றாம் வாரம் ஒரு காலை, தேநீரை வைத்துவிட்டு, "நானும் இரண்டு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டேன்" என்று, திருத்தமாக, "சாப்ட்டயா. சரிம்மா" என்றார். எனக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவே இல்லை. மூன்றாவதாக 'வணக்கம்' சொல்லிக் கொடுத்தேன்.

இதை வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். ஆசிரியை பற்களுக்கிடையில் மெதுவாகக் காற்றை உள்ளிழுத்தார். "கியோட்டோவின் பழைய வீடுகளில் சுவர் மிகவும் மெல்லியது" என்றார். உபயோகமான தகவல் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி ஒரு மணிக்கு, பாட்டி தமிழ் கற்ற கதையை அம்மாவுக்கும் சொன்னேன். ஜப்பானிய மொழியில் ஒரு எழுத்தும் அறியாத என் அம்மா, கோபியில் ஊஞ்சலில் உட்கார்ந்தபடி, முழுதும் கேட்டு முடிக்கவில்லை.

"அட கூறுகெட்டவனே, அங்க இப்ப மணி என்ன?"

"ஒண்ணு."

"ராத்திரி ஒரு மணிக்குக் கத்துனா அந்தம்மா எப்படிடா தூங்குவா? வாய் தொறந்து சொல்லவும் முடியாம எத்தனை நாளாச் சங்கட்டப்பட்டாளோ. 'நல்ல கொரலு'ன்னு சொன்னா மெதுவாப் பேசுன்னு அர்த்தம். இதுகூடவா உனக்கு வெளங்குல? உங்க சித்தப்பன் வந்து உக்காந்தா எந்திரிக்கவே மாட்டான்னு நான் ரெண்டாவது காப்பி வெக்கட்டுமான்னு கேக்கறதில்லையா? அதுக்குக் கெளம்புன்னுதானே அர்த்தம்?"

"அப்படியாம்மா? சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

"அவனும் உன்ற மாதிரிதான். ரெண்டாவது காப்பியையும் குடிச்சுட்டு உக்காந்திருப்பான்."

அன்றோடு நடுராத்திரிப் போன் நின்றது. அம்மா காலை ஐந்து மணிக்குக் கோலம் போட்டுவிட்டுக் கூப்பிட ஆரம்பித்தார். இங்கே எட்டரை. பேருந்து நிறுத்தத்தில் நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினேன். நான்காம் வாரம் பாட்டி என் குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முன்னைவிடக் கொஞ்சம் பெரிய கிண்ணத்தில் சோறு வந்தது. அந்த வாரத்தில் 'ஜோஸு' என்றும் யாரும் சொல்லவில்லை. ஓரளவு தேறியவனைப் பாராட்ட மாட்டார்கள் என்று தைவான் பெண் சொன்னாள். அவளும் என்னைத் தேற்றத்தான் சொல்லியிருப்பாள். யார் பேச்சையும் நேராக நம்பும் நிலையில் அப்போது நான் இல்லை.

தினமும் கிளம்பும்போது 'இத்தே கிமாஸ்' சொல்வது அங்கே வழக்கம். 'போய்ட்டு வர்றேன்' என்பதற்கு எழுத்துக்கு எழுத்து அதேதான். உள்ளேயிருந்து 'இத்தேராஷை' என்று பதில் வரும், 'போய்ட்டு வாங்க'. கடைசி நாள் விமானத்துக்குக் கிளம்பும்போதும் பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டேன். சாயங்காலம் திரும்பி வருகிறவன் சொல்வது அது. பாட்டி ஒரு கணம் நின்றார். பிறகு 'இத்தேராஷை' என்றார். கையில் ஒரு பை. உள்ளே நான்கு பழம், அந்த நடு 'க' பழம். தெருமுனைவரை போய்த் திரும்பிப் பார்த்தால் வாசலிலேயே நின்று குனிந்துகொண்டிருந்தார். நானும் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார், நானும் மறுபடி. இதில் ஒரு பேருந்து போய்விட்டது.

மறுபடியும் வாருங்கள் என்றும் சொன்னார். அதற்கு நேரான அர்த்தமா, மற்ற அர்த்தமா என்று அம்மாவிடம் கேட்டேன். நாலு பழம் குடுத்துருக்கா, நெசமாத்தான் இருக்கும் என்றார்.

டிசம்பரில் மறுபடி என்4 எழுதினேன். மொத்தம் 112. கேட்டலில் 60-க்கு 21.