புக்மார்க் ஒழுங்கீடு: மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டார வழக்குகள் குறித்து ஓர் ஆய்வு

இப்போது படிக்க நேரமில்லாத இணையப் பக்கத்தைப் பின்னாளில் படிக்காமல் இருப்பதற்காகச் சேமித்து வைக்கும் ஏற்பாடே புக்மார்க். 1993-இல் வந்த மொசைக் பிரவுசரில் இதற்கு ஹாட்லிஸ்ட் என்று பெயர். புக்மார்க் என்ற பெயரைப் பரப்பியது மறு ஆண்டு வந்த நெட்ஸ்கேப். அது 2008-இல் கைவிடப்பட்டது. ஆனாலும் இன்று குரோமிலிருந்து புக்மார்க்குகளை ஏற்றுமதி செய்தால், கோப்பின் முதல் வரியில் நெட்ஸ்கேப்பின் பெயர்தான் நிற்கும். அபிவாதயே சொல்லிப் பழகிய மயிலாப்பூருக்கு, மூதாதையைச் சொல்லித் தொடங்கும் இந்த வழக்கம் விளங்காததன்று.

வட்டாரத்துக்கு வட்டாரம் சேகரிப்பு மாறுகிறது. மயிலாப்பூரில் மிகுதியாகக் கிடைப்பவை முடிந்துபோன டிசம்பர் சீசன்களின் கச்சேரி அட்டவணைகள். தி.நகரில், ஸ்டாக் தீர்ந்த புடவைகளின் பக்கங்கள். ஐ.ஐ.டி. பக்கத்திலிருக்கும் அடையாறில், முதல் வகுப்போடு நின்றுபோன என்.பி.டெல். பாடங்கள். மூன்றுக்கும் பொதுவானது ஈ.பி. பில். மின்வாரியம் 2010-இல் பிரிந்தபோது விநியோகம் டான்ஜெட்கோவின் கைக்குப் போயிற்று. 2024-இல் அது மின் பகிர்மானக் கழகம் ஆயிற்று. அதனால் ஒரே வீட்டுக் கணினியில் ‘ஈ.பி.’, ‘ஈ.பி. புதுசு’, ‘ஈ.பி. இதுதான்’ என்று மூன்று தலைமுறைகள் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் கட்டும்போது மட்டும் மூன்றையும் விட்டுவிட்டு கூகுளில் தேடுகிறார்கள்.

ஒழுங்கீட்டுக்கான கோட்பாடு வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ.இரா. அரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். (தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கும் இவருக்கும் தொடர்பில்லை. அந்தத் தெருவில் ஒருமுறை நடந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.) நூல்கள் பயன்படுவதற்கே என்பது முதல் விதி, புக்மார்க் அதிலேயே தோற்றுவிடுகிறது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்ற ஐந்தாம் விதியை மட்டும் எல்லாரும் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள்.

1933-இல் வெளியான அவருடைய கோலன் பகுப்புமுறை, பின்னர் வளர்ந்த வடிவத்தில், எதையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து கூறுகளாகப் பிரிக்கும். சேமித்த ஒரு சமையல் குறிப்பை இப்படிப் பகுக்கலாம். ஆளுமை: வத்தக்குழம்பு, பொருள்: சுண்டைக்காய், ஆற்றல்: நல்லெண்ணெயில் வதக்கல், இடம்: தஞ்சாவூர், காலம்: வீட்டில் காய்கறி இல்லாத நாள். பிழையற்ற பகுப்புதான். எனினும் நடைமுறையில் நிலைத்திருப்பவை ‘முக்கியம்’, ‘ரொம்ப முக்கியம்’, ‘அப்புறம்’ என்ற ஃபோல்டர்களே. இவற்றுள் ‘முக்கியம்’ யாராலும் திறக்கப்படுவதில்லை.

சுத்தம் செய்யும் பணி பெரும்பாலும் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கும். நீக்குவதற்கு முன் எதற்கும் ஒருமுறை திறந்து பார்ப்பது மரபு. பணி தடைப்படுவதும் அங்கேதான். திறந்த கட்டுரை சுவையாக இருந்தால், அதில் உள்ள நான்கு இணைப்புகளும் சேமிக்கப்படும். திஸ்கி எழுத்துருக் காலத்துத் தமிழ்ப் பக்கம் புரியாத குறிகளாகத் திறந்தால், புரியாததாலேயே அதை நீக்கத் துணிவு வராது.

2013-இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் மறைந்துவிட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது. பொறுமையுள்ளவருக்கு ஐந்தில் இரு பங்கு வேலை தானே முடிந்துவிடும் என்று இதைக் கொண்டு வாதிடலாம். ஆனால் பக்கம் மறைந்தாலும் புக்மார்க் மறைவதில்லை. மறைந்த பக்கத்தை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடிக் கண்டுபிடிப்பவர், அந்த நகலையும் புக்மார்க் செய்துவிடுகிறார். எண்ணிக்கை ஒன்று கூடுகிறது.

மாலைக் காப்பி வரும் நேரத்தில், எஞ்சியவை அனைத்தும் ஒரே ஃபோல்டரில் போடப்பட்டு, அதற்குப் ‘பழசு’ என்று பெயர் சூட்டப்படும். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் குரோம் ஆட்சேபிப்பதில்லை.