குடும்பக் கூடாரவியல்: சில தொடக்கநிலை முடிவுகள்

1. முன்னாய்வு

கூடாரத்தில் தூக்கம் வராது என்பதற்குத் தமிழில் உள்ள பழைய சான்றுகளுள் ஒன்று நப்பூதனாரின் முல்லைப்பாட்டு. 103 அடிகளே கொண்ட அப்பாட்டில், காட்டில் பாசறை அமைத்த அரசன், யவனர் காவலிருந்தும் கண்ணுறங்காமல் இருக்கிறான். காரணம் போர் பற்றிய நினைவு என்று பாட்டே சொல்லிவிடுகிறது. அவன் பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்றதாகக் குறிப்பில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

2. கொள்ளளவுச் சிக்கல்

'நான்கு பேர் டென்ட்' என்று விற்பதில் ஆளுக்குச் சுமார் 60 செ.மீ. அகலம் கிடைக்கும்; அதாவது, பள்ளிக்கூட ஸ்கேல் இரண்டு. மனிதர் இரவு முழுதும் நேராகப் படுத்திருப்பார் என்பது இக்கணக்கின் கருதுகோள். நான்கு வயதுக்காரர்கள் இதை ஏற்பதில்லை. வடக்கே தலை வைக்கக் கூடாது என்று பாட்டி சொன்னபடி கிழக்கே தலை வைத்துப் படுக்கவைத்த குழந்தை, நள்ளிரவுக்குள் எட்டுத் திசைக்கும் தலை வைத்து முடித்து, விடியும்போது அப்பாவின் தாடையில் கால் வைத்திருக்கும். இதிலிருந்து பெறப்படும் முதல் விதி: உறங்கும் குழந்தையின் பரப்பளவு, விழித்திருக்கும் குழந்தையின் பரப்பளவைவிடப் பெரிது. ஆகவே, இரு குழந்தைகள் உள்ள நால்வர் குடும்பம் ஆறு பேர் டென்ட் வாங்குக. மிச்ச இடம் பைகளுக்கு என்று நம்புவோர் நம்பலாம்.

3. நீரியல்

துணி ஒழுகத் தொடங்குமுன் தாங்கும் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் குறிப்பார்கள். மேல்துணிக்கு 1500 போதும். தரைத்துணிக்கு 3000-க்கு மேல் வேண்டும். ஏனெனில் முட்டிபோட்டு யானை விளையாடும் பிள்ளையின் எடை முழுதும் இரண்டு முட்டிகளில் இறங்கி, ஈரத் தரையின் நீரை உள்ளே அழைக்கிறது. அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்ட்டைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து அடியில் சேர்க்கும்.

கொடைக்கானல் குளிரில் விடிகாலை உட்புறம் சொட்டினால், கடைக்காரரைத் திட்டுமுன் யோசிக்க: அது பெரும்பாலும் குடும்பத்தார் விட்ட மூச்சு. காற்றுவழிகளை இறுக மூடச் சொன்னவர் யாரென்ற விசாரணை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

4. களச்சோதனை

மலைக்குப் போகுமுன் மொட்டைமாடியில் ஒருமுறை கட்டிப் பார்க்க. அங்கே முளை இறங்காது. தானே நிற்கும் குவிமாட வகையானால் நான்கு மூலையிலும் தண்ணீர் கேன்களை வைத்தால் போதும். கம்பிகளை எண்ணுக. ஜிப்பைக் குழந்தைகளிடமே கொடுத்துச் சோதிக்க. அவர்களிடம் பிழைத்தது எங்கும் பிழைக்கும். வாளித் தண்ணீரை மேலே ஊற்றித் தையல்களைப் பார்க்க. பிறகு ஓர் இரவு அங்கேயே தூங்குக. "வீட்டுக்குப் போகலாம்" என்ற நள்ளிரவு அழுகை எழுந்தால், வீடு படிக்கட்டு தூரத்தில்தான். இழுகயிறுகளில் வெள்ளைத் துணி கட்டுக. ஓடும் பிள்ளைக்குக் கயிறு தெரியாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் உட்பூச்சு பிசுபிசுத்து நாறும், காயவைத்தே மடிக்க.

5. முடிவு

ஒன்றில் மட்டும் விளையாட்டில்லை: டென்ட்டுக்குள் அடுப்போ கரியோ எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே கொல்லும்.

மற்றபடி, வீட்டில் எத்தனை பேர் என்று கடைக்காரர் கேட்டால், உருளுகிறவர்களை இரண்டாக எண்ணிச் சொல்லுங்கள்.