தாய்மாமன் போடாத கோட்டு

அக்கா போனில் சொன்னதை முதலில் நான் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன்.

"தம்பி, வர்ற வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் காலேஜ்ல சடங்குடா. வெள்ளைக் கோட்டுச் சடங்கு."

"அவளுக்குத்தான் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே சடங்கு சுத்தியாச்சேக்கா?"

"அது இல்லடா. 'வைட் கோட் செரிமனி'ன்னு போட்டு அழைப்பு வந்திருக்கு. செரிமனின்னா சடங்குதானே?"

அகராதிப்படி அக்கா சொன்னது சரி. ஆனால் உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவனிடம் சடங்கு என்ற சொல்லைச் சும்மா உதிர்த்துவிட முடியாது. உதிர்த்தால் அவன் தட்டு வாங்கக் கிளம்பிவிடுவான். எங்கள் ஊரில் மொட்டை போடுவதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில்தான். புதுத்துணி அவன் கொண்டுவந்து போட்டால்தான் அடுத்த காரியம் நகரும். சில வீடுகளில் சீர் லாரியில் வரும். முன்னால் செண்டை மேளம், பின்னால் மாலை போட்ட கிடாய். நான் கூட்டுறவு வங்கியில் கணக்கர். எனக்குக் கிடாய் அளவுக்கு வசதி இல்லையென்றாலும் உரிமை அதே அளவுதான். கோட்டும் துணிதானே?

இன்னொரு காரணமும் இருந்தது. அக்கா மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்ததால் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டது. மாமன் என்ற முறையில் நான் செலவு செய்வதற்கு மிச்சம் வைக்கப்பட்டிருந்தது கோட்டு ஒன்றுதான். அதையும் விட்டுவிடுவேனா?

"பதினொரு தட்டு வைக்கலாம்" என்றேன் வீட்டில்.

"அப்படியே கிடாயையும் பிடிச்சுக்கிட்டுப் போங்க. பிள்ளைகள் அறுத்துப் பார்த்துப் படிக்கட்டும்" என்றாள் மனைவி.

பேரம் பேசி ஐந்து தட்டுக்கு வந்தோம்.

பெரியாஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் கோட்டு தைத்து விற்கும் கடை. நுழைந்ததுமே கடைக்காரர் என்னை எடை போட்டுவிட்டார். "ஃபர்ஸ்ட் இயரா? ரெண்டா எடுங்க சார். ஒண்ணு போட்டோவுக்கு. ஒண்ணு அனாடமிக்கு. அனாடமிக் கோட்டு ஃபார்மலின் வாடை ஏறிடுச்சுன்னா எந்தச் சோப்புக்கும் மசியாது."

"என்ன சைஸு?" என்று கேட்டார். அங்கேதான் நான் சறுக்கினேன். பள்ளிக்கூடச் சீருடை எடுத்துக்கொடுத்துப் பழகிய கை. வளர்கிற பிள்ளை, படிப்பும் பயிற்சியுமாக ஐந்தரை வருஷம், வருஷத்துக்கு ஒன்று வாங்க முடியுமா? முப்பத்தாறு போதுமென்று அவர் எடுத்ததை ஒதுக்கிவிட்டு நாற்பத்திரண்டைக் காட்டினேன். "புள்ள குண்டா இருக்குமோ?" என்றார். "இல்லை, இனிமே ஆகும்" என்றேன். ஹாஸ்டல் சாப்பாட்டின் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

கோட்டைத் தட்டில் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகைப்பூவும் வைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா மறுபடி கூப்பிட்டாள். மாணவிகள் கோட்டை இடதுகையில் மடித்துப் போட்டுக்கொண்டு மேடையேறுவார்களாம். அங்கே ஒரு பேராசிரியர் அதை வாங்கி மாட்டிவிடுவாராம்.

"பேராசிரியரா? அவர் என்ன முறை வேணும் நமக்கு?"

"முறையெல்லாம் இல்லடா."

முறை இல்லாதவர் கையால் முதல் கோட்டு! இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யார் என்று அன்று இரவே தேடினேன். அகப்பட்டார். ஆர்னால்ட் கோல்டு, குழந்தைகள் நரம்பியல் மருத்துவர். 1993-இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இதை முறையான விழாவாக நடத்தியவர். அதற்கு நாலு வருஷம் முன்பே சிகாகோவில் ஒரு கோட்டு மாட்டல் நடந்திருக்கிறது. ஆனால் உறுதிமொழி, பெற்றோர், உறவினர் என்று கல்யாணக்களை கொண்டுவந்தவர் இவர். அதுவரை உறுதிமொழி படிப்பு முடிந்து பட்டம் வாங்கும்போது எடுக்கப்பட்டது. நாலு வருஷம் பழகிவிட்ட பிறகு சத்தியம் வாங்கி என்ன பயன், நுழையும்போதே வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி. நியாயமான மனிதர்தான். சம்பளத்தைக் கையில் கொடுத்த பிறகு நல்லபடி வேலை செய் என்று சொல்லி எந்த ஆளிடம் வேலை வாங்க முடியும்? தாய்மாமன் விஷயம் ஒன்றில்தான் கோட்டை விட்டுவிட்டார். அமெரிக்காவில் அந்தப் பதவியே கிடையாதோ என்னவோ. அங்கிருந்து ஊர் ஊராகப் பரவி, இங்கே 2019-இல் எம்.பி.பி.எஸ். முதலாண்டுக்கு அடிப்படைப் பயிற்சி என்று ஒரு மாதம் ஒதுக்கியபோது இந்த விழாவும் கூடவே நுழைந்துவிட்டது.

மறுநாள் அக்கா வீட்டிலும் நான் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்து மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கா வீட்டுக்காரர், வக்கீல் குமாஸ்தா. மகளுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிப் பார்க்க ஆசைப்பட்டு, மதிப்பெண் கூடிப்போனதால் ஏமாந்தவர். டாக்டர்களும் ஒரு காலத்தில் கறுப்புக் கோட்டுதான் போட்டார்கள் என்று நான் வாசித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அதுதான் வழக்கம். அறுவை சிகிச்சை செய்பவரின் கோட்டில் காய்ந்த ரத்தம் எவ்வளவு அப்பியிருக்கிறதோ அவ்வளவு கைராசிக்காரர் என்று பெயர். 1867-இல் லிஸ்டர் என்பவர் காயம் சீழ் பிடிப்பது கிருமியால், கார்பாலிக் அமிலம் போட்டால் அடங்கும் என்று எழுதிய பிறகுதான் அழுக்கின் மீது சந்தேகம் வந்தது. அழுக்கைக் காட்டிக்கொடுப்பதில் வெள்ளைக்கு நிகர் எது?

தாமஸ் ஈக்கின்ஸ் என்ற ஓவியர் இந்த மாற்றத்தை இரண்டு படமாகவே வரைந்து வைத்திருக்கிறார். 1875 படத்தில் டாக்டர் கிராஸ் கறுப்புக் கோட்டோடு தொடையைக் கீறிக்கொண்டிருக்கிறார், கையில் ரத்தம். பக்கத்திலேயே ஒரு பெண் முகத்தை மறைத்துக்கொண்டு துடிக்கிறாள். நோயாளியின் தாயார் என்கிறார்கள். 1889 படத்தில் டாக்டர் ஆக்னியூவும் கூட இருப்பவர்களும் வெள்ளைக்கு மாறிவிட்டார்கள். ஒரு நர்ஸ் நிற்கிறார். உறவுக்காரர் ஒருவரையும் காணோம். பதினாலு வருஷத்தில் கோட்டை வெளுத்ததோடு சொந்தபந்தத்தையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். என் வழக்குக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம் என்று மச்சானே தீர்ப்புச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஐந்து தட்டோடு போய் இறங்கினோம். வாசலில் காவலாளி தேங்காய்த் தட்டைத் தடுத்தார். "உள்ள சாமி ஏதும் இல்லீங்க" என்றார் பணிவாக. கோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு மற்றதை வேனிலேயே வைத்தோம். உள்ளே ஒரு மேசை, மேசையில் நீள நோட்டு, பேனாவோடு ஒருவர். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. "ஆயிரத்தொண்ணு, உசிலம்பட்டி" என்று சொல்லியும்விட்டேன். "சார், இது வருகைப் பதிவேடு" என்றார் அவர்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். எங்கள் பிள்ளையும் ஏறினாள். பேராசிரியை ஒருவர் கோட்டை வாங்கி உதறிப் பிடித்தார். உதறினார், உதறினார், கோட்டு விரிந்துகொண்டே போனது. ஒரு கணம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு மாட்டினார். இரண்டு கையும் உள்ளே போயின. வெளியே வரவில்லை. முழங்காலுக்கும் கீழே தொங்கிய கோட்டோடு அவள் கும்பிட்டபோது இரண்டு வெள்ளைத் தும்பிக்கைகள் சேர்ந்து கும்பிட்டன. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே என் தொடையில் கிள்ளினாள்.

அடுத்தது உறுதிமொழி. இதையும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். பழைய ஹிப்போகிரட்டஸ் சத்தியம் அப்பல்லோ, அஸ்கிலிப்பியஸ், ஹைஜியா, பனேசியா என்று நாலு தெய்வத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. சொல்லிக் கொடுத்தவரைப் பெற்றவருக்குச் சமமாக நினை, அவருக்குப் பணம் தேவையென்றால் பங்கு கொடு, அவர் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக் கொடு என்கிறது. மாமனுக்கு ஒரு வரி இல்லை. நம் ஆயுர்வேதச் சரகர் தம் சீடனுக்குத் தாடி வளர்க்கவும் இறைச்சியை விடவும் சொல்கிறார். முதலாவது எங்கள் பிள்ளையால் ஆகாது, இரண்டாவது எங்கள் ஊராலேயே ஆகாது. ஹிப்போகிரட்டஸ் சத்தியத்துக்குப் பதிலாகச் சரகர் பெயரிலான உறுதிமொழியை 2022-இல் மதுரை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் எடுக்கப் போய், அரசு டீனைக் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றி, சில நாளில் திரும்பவும் அவரையே உட்கார வைத்த கதை ஊரறிந்தது. அதனாலோ என்னவோ இங்கே ஆங்கிலத்தில் ஒன்றை வாசித்தார்கள். வலதுகையை உயர்த்தச் சொன்னார்கள். வரிசையாகக் கைகள் எழுந்தன. நடுவில் ஒன்று மட்டும் கை இல்லாத கை. துணி மட்டும் மேலே நின்று நுனி மடிந்து தொங்கியது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பேன் என்ற இடத்தில் அந்த மடிப்பு லேசாக ஆடியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, எல்லாரும் கைதட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன்.

கேன்டீனில் உட்கார்ந்ததுமே வைத்தியம் தொடங்கிவிட்டது. கோட்டு மாட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. பெரிய அத்தை சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றி மூட்டைக் காட்டினார்கள். மச்சானின் தம்பி எக்ஸ்ரேயை மஞ்சள் பையிலேயே கொண்டுவந்திருந்தார். பிள்ளை கோட்டுக் கையை நாலு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள்: "அத்தை, இந்த வருஷம் உடம்புல என்னென்ன இருக்குன்னு மட்டும்தான் சொல்லித் தருவாங்க. அதுல என்னென்ன கெட்டுப்போகும்ங்கிறது அடுத்த வருஷம். சரி பண்றது அதுக்கும் அப்புறம்."

"அதுவரைக்கும் மூட்டு தாங்குமாடி?"

"206 எலும்பு இருக்கு அத்தை. வரிசையாத்தான் வர முடியும்."

இரண்டாவது கோட்டு அனாடமி கூடத்துக்குப் போனது. முதல் நாள் அங்கேயும் ஒரு உறுதிமொழி எடுத்தார்களாம், உடல்தானம் செய்தவரின் முன்னால் நின்று. "எங்க முதல் வாத்தியார் அவருதான் மாமா. பேரு சொல்ல மாட்டாங்க. வலதுகைப் பெருவிரல்ல மட்டும் மை இருந்தது, பேனா ஊத்தின மாதிரி" என்றாள் போனில். நான் வங்கியில் இருந்தேன். என் பெருவிரலைப் பார்த்துக்கொண்டேன். முத்திரை மை. அன்றைக்குத் தட்டு, முறை என்று எதுவும் பேச வாய் வரவில்லை.

முன்பு தேடியபோது இன்னொன்றும் அகப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் 2007-லேயே முழங்கைக்குக் கீழே துணி கூடாது, கோட்டின் கைமடிப்பில்தான் கிருமி தொற்றிக்கொண்டு போகிறது என்று சொல்லி, ஆஸ்பத்திரிகளில் கோட்டைக் கழற்றச் செய்துவிட்டார்கள். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. இரண்டு கோட்டுக்குப் பணம் கொடுத்தவன் நான்.

தீபாவளிக்குப் பிள்ளை ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வந்தாள். வீட்டில் ஒருவர் கை மிச்சமில்லை, பால்காரருக்கும் பார்த்தாயிற்று. எனக்குப் பார்த்து, "128-க்கு 82. பரவாயில்லை மாமா" என்றாள்.

"இப்படி நைட்டியோட பார்த்தா நான் எப்படி நம்புறது? நான் எடுத்துக்கொடுத்த கோட்டை மாட்டிக்கிட்டுப் பாரு."

மாட்டிக்கொண்டு வந்தாள். கையை நாலு மடிப்பு மடித்தாள். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்து, மூஞ்சியை வேறு மாதிரி ஆக்கிக்கொண்டு, "கையைத் தளர்த்தி வைங்க" என்றாள். மாமா என்ற சொல் அதில் இல்லை. பட்டை இறுகியது. என் நெஞ்சு திக்திக்கென்று அடிப்பது எனக்கே கேட்டது.

"146-க்கு 92" என்றாள். இன்னொரு தரம் பார்த்தாள். அதே கதை. இதற்குப் பெயரே இருக்கிறதாம்: வைட் கோட் ஹைப்பர்டென்ஷன். டாக்டரைக் கண்டால் சிலருக்கு ஏறிவிடுமாம். வீட்டில் வைத்துப் பார்த்தால் இறங்கிவிடுமாம்.

"நான் வீட்டுலதானே இருக்கேன்?" என்றேன்.

அதைக் கேட்க ஆளில்லை. அக்கா அதற்குள் ஊறுகாய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். மச்சான் என் இலையிலிருந்த அப்பளத்தையும் உப்புக்கண்டத்தையும் நிதானமாகத் தன் இலைக்கு மாற்றிக்கொண்டே சொன்னார்:

"கறுப்புக் கோட்டா இருந்தா இந்தத் தொந்தரவு வந்திருக்குமா மாப்ள?"