வெள்ளை முகத்துக்கு, நீலம் மற்றதுக்கு

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

அன்புள்ள அக்காவுக்கு,

"அந்தக் குளிரில் தினமும் குளிக்கிறாயா, இல்லை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடிவிடுகிறாயா?" என்று அத்தான் போனில் கிண்டலடித்தார். நான் குளிக்கிறேன். ஆனால் அத்தான் கேலிக்குச் சொன்னதை இந்த மாநிலத்தின் அப்போதைய முதல்வர் நிஜமாகவே சொன்னார், தெரியுமா? 2022-இல் உக்ரைன் போரால் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த எரிவாயு குறைந்துபோனது. இங்கே பல வீடுகளில் வெந்நீருக்கே அதுதான் கதி. அப்போது பசுமைக் கட்சிக்காரரான முதல்வர் வின்பிரீட் கிரெட்ச்மன், எந்நேரமும் ஷவரில் நிற்க வேண்டியதில்லை, வாஷ்லாப்பனும் உருப்படியான கண்டுபிடிப்புதான் என்கிற மாதிரி பேட்டி கொடுத்தார். நாடு முழுக்க அதே பேச்சு. நம்மூரில் ஒரு முதல்வர் இப்படிச் சொல்லியிருந்தால் எதிர்க்கட்சிக்காரர்கள் சட்டசபைக்குச் சொம்போடு வந்திருப்பார்கள்.

வாஷ்லாப்பன் என்பது டர்க்கி டவல் துணியில் தைத்த சின்னப் பை. ஏறக்குறைய 15-க்கு 21 சென்டிமீட்டர். மூன்று பக்கம் மூடியிருக்கும், மூலையில் மாட்டுவதற்கு ஒரு காது. கையை உள்ளே விட்டு, நனைத்து, சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டியது. பிள்ளை குளிப்பாட்ட இதைப்போல வசதி வேறு கிடையாது, சத்தியமாக. வழுக்குகிற குழந்தையை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் கழுத்து மடிப்பில் காய்ந்திருக்கும் பால்வரை எடுத்துவிடலாம். ஆஸ்பத்திரியில் சேரப் போகிறவர்கள் பெட்டியிலும் சோப்போடு இதுவும் போகும்.

இதில் ஆசாரம் வேறு! எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு வெள்ளை முகத்துக்கு, நீலம் மற்றதுக்கு. இரண்டுக்கும் தனித்தனிக் கொக்கி. நீலத்தை வெள்ளையின் கொக்கியில் மாட்டினால் அன்றைக்கு வீட்டில் மகாபாரதம்தான்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈர வாஷ்லாப்பனைப் போட்டதோடு விடவில்லை அந்தம்மா. வெதுவெதுப்பான தண்ணீரில் துண்டை முக்கிப் பிழிந்து இரண்டு கெண்டைக்காலிலும் சுற்றிவிட்டார். பாதம் சில்லிட்டிருந்தால் மட்டும் சுற்றக் கூடாதாம். இங்கே வீட்டுக்கு வீடு இந்த வைத்தியம் உண்டு. காய்ச்சல் இறங்கியதோ இல்லையோ, படுக்கை நனைந்துவிட்டது.

60 டிகிரி வெந்நீரில் துவைத்துத் துவைத்து நூல் வளையமெல்லாம் படுத்துவிட்டால் வாஷ்லாப்பனுக்குப் பதவி இறக்கம். முதலில் குழாயடி: வினிகரில் ஊறவைத்துக் குழாயின் கழுத்தில் சுற்றிவிட்டால் உப்புக்கறை பிசிறில்லாமல் கழன்று வரும். அதற்கும் கீழே படிக்கட்டு. இந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் வாரம் ஒருவராகப் பொது இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். யார் முறையோ அவர் கதவில் ஒரு பலகை தொங்கும். இந்த வாரம் என் கதவில். கைப்பிடிக்கம்பி துடைக்க அந்தம்மா ஓய்வுபெற்ற நீலம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். மாடியிலிருந்து அவர் இறங்கி வருகிற சத்தம் கேட்கிறது, நான் இன்னும் முதல் படியைக்கூடத் தொடவில்லை. மிச்சம் அடுத்த கடிதத்தில்.

உன் தம்பி