கிழங்குக் கள்ளன்

வீட்டுக் கூடையில் கிடந்த உருளைக்கிழங்கு ஒன்று நேற்று முளை விட்டிருந்தது. மூன்று கண்களில், வெள்ளையாய், விரல் நுனி அளவுக்கு. எனக்குப் பகீரென்றது. யாரிடம் அனுமதி வாங்கி முளைத்தது இது?

சிரிக்காதீர்கள். 2019 ஏப்ரலில் குஜராத்தின் சபர்காந்தா விவசாயிகள் நாலு பேர் மேல் பெப்சிகோ வழக்குப் போட்டது. லேஸ் சிப்ஸுக்கென்று அது பதிவு செய்து வைத்திருந்த எஃப்சி5 ரகத்தைக் கேட்காமல் பயிரிட்டுவிட்டார்களாம். நஷ்டஈடு ஆளுக்கு 1 கோடியே 5 லட்சம். மூணு நாலு ஏக்கர்க்காரனிடம்! ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டாக வாங்கினால் 21 லட்சம் பாக்கெட். அதிலும் பாதி காற்று.

பிராண்ட் பெயர் ஒட்டாதவரை விவசாயி விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்கிறது 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம். கம்பெனி வக்கீலின் கண்ணுக்கு அந்தப் பக்கம் மட்டும் தட்டுப்படவில்லை போலும். பிறகு ஒரு கருணை: எங்களிடமே விதை வாங்கு, எங்களிடமே கிழங்கை விற்றுவிடு, மன்னித்துவிடுகிறோம். அடமானத்துக்கு எப்படியெல்லாம் பெயர் வைக்கிறார்கள்! தேர்தல் நேரம், ஊரே கொதித்தது. மே மாதம் வழக்கைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

இவர்களுடைய பத்திரம் எவ்வளவு சுத்தம்? 2002லேயே சிலி நாட்டில் விற்பனைக்கு வந்த கிழங்கு அது. இங்கே விண்ணப்பத்தில் ‘புதிய ரகம்’, முதல் விற்பனை 2009. இதைக் கண்டுபிடித்து 2021 டிசம்பரில் பதிவு தந்த ஆணையமே அதை ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டில்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த ரத்தையே ரத்து செய்துவிட்டது. கம்பெனி தாளில் தப்பாய் எழுதினால் கைப்பிழை. குடியானவன் மண்ணில் சரியாய் விதைத்தால் களவு.

காட்டுக் கிழங்கின் கசப்பையும் நஞ்சையும் தலைமுறை தலைமுறையாகக் குறைத்து, மனிதன் தின்னும்படி ஆக்கியவர்கள் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் குடியானவர்கள். ஏழெட்டாயிரம் வருஷத்து வேலை. அவர்களுக்கு ராயல்டிக் காசோலை போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் சிப்ஸுக்காக அதன் ஈரப்பதத்தைக் கொஞ்சம் குறைத்தவன் உரிமையாளன் ஆகிவிட்டான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

கூடைக் கிழங்கின் முளையை ஆழமாய்க் கிள்ளி, தோல் சீவி, மிளகுப்பொடி தூவிப் பொரித்துத் தின்றுவிட்டேன். துப்பறிய யாராவது வந்தால், சட்டியையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று.